பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுக் கார்டு வாங்குங்கள்

ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் கல்யாண வீடியோ எடிட் செய்கிற, அனிமேஷன் படிக்கிற, ராத்திரியில் கேம் ஆடுகிற தம்பி தங்கைகளுக்கு,



மார்கழி பிறந்துவிட்டால் நம் பக்கம் கேமராக்கள் பைக்குள் போய்விடும். முகூர்த்தம் கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் எடுத்த கல்யாணங்களை முடித்துக் கொடுத்து, பாக்கிப் பணத்தை வாங்கி, தை பிறப்பதற்குள் சிஸ்டத்தைத் தேற்றிவிட வேண்டும் என்று நீங்கள் கணக்குப் போடுகிற மாதம் இது. கேம் ஆடுகிறவர்கள் கையில் தீபாவளி போனஸில் மிச்சம் பிடித்த பணம் இருக்கிறது. அனிமேஷன் படிக்கிறவர்களுக்கு அம்மா எடுத்த சீட்டுப் பணம் வந்திருக்கிறது. என் சர்வீஸ் மேஜைக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியோடு வருகிறார்கள்: "அண்ணா, என்விடியா வாங்கலாமா, ஏஎம்டி வாங்கலாமா?" இப்போது இன்டெல்லும் மூன்றாவது ஆளாகச் சேர்ந்துகொண்டது.

மழுப்பாமல் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கார்டுகளின் பெயரைச் சொல்லியே சொல்லப்போகிறேன். ஆனால் உங்கள் போர்டு எது, எஸ்எம்பிஎஸ் எது, என்ன கேமராவில் எடுக்கிறீர்கள், கேபினட் வீட்டில் எங்கே நிற்கிறது என்பதெல்லாம் தெரியாமல் அந்தப் பதிலை யாராலும் சொல்ல முடியாது. யூடியூபில் கார்டுகளை அருகருகே வைத்து அளந்து காட்டுகிறவர்களில் பலர் நேர்மையாகத்தான் அளக்கிறார்கள். அவர்கள் அளப்பது புத்தம்புதிய பிராசசர், விலை உயர்ந்த போர்டு, தரமான எஸ்எம்பிஎஸ், குளிர்ந்த அறை ஆகியவற்றுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிற கார்டை. நம் வீட்டில் இருப்பதோ பழைய போர்டு, கேபினட்டோடு இலவசமாக வந்த எஸ்எம்பிஎஸ், உப்புக்காற்று நேராக வருகிற ஜன்னல். அங்கே முதலில் வந்த கார்டு இங்கே மூன்றாவதாக வரலாம்.

எடிட்டர்களிடம் முதலில் பேசுகிறேன். கார்டின்மேல் அதிகப் பணம் போட்டு அதிகமாக ஏமாறுகிறவர்கள் நீங்கள்தான். "டைம்லைன் சிக்குதுண்ணா, கார்டு பத்தல" என்கிறீர்கள். கோப்பைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் கார்டின் வேகம் காரணமாக இருப்பதில்லை. கேமரா அந்தக் கோப்பை எந்த வகையில் பதிந்திருக்கிறது என்பதே காரணம். கேனான் ஆர்6-இல் சி-லாக் போட்டு எடுத்தால் 10 பிட், 4:2:2 நிறத்தில் ஹெச்.265 கோப்பு வரும். சோனி ஏ7 ஃபோரில் தேர்ந்தெடுப்பதைப் பொறுத்து ஹெச்.264-லும் 4:2:2 வரும், ஹெச்.265-லும் வரும். இந்த 4:2:2 கோப்பைப் பிரித்துப் படிக்கத் தனியாக ஒரு சுற்று சிப்பில் இருக்க வேண்டும். என்விடியாவில் அது 2025-இல் வந்த 50 வரிசையில்தான் முதன்முதலாக வந்தது. லட்ச ரூபாய்க்கு மேல் விற்ற 4090-இல்கூட அது கிடையாது. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டியிலும் இல்லை. இன்டெல்லின் கதை வேறு. 11-ஆம் தலைமுறையிலிருந்து வந்த பிராசசர்களுக்குள் இருக்கிற கிராபிக்ஸே ஹெச்.265 4:2:2-ஐப் படிக்கும். ஹெச்.264 4:2:2-ஐ அவற்றில் பெரும்பாலானவை படிக்காது.

இதை வைத்து உங்கள் செலவைப் பாருங்கள். உங்களிடம் ஐ5 12400 பிராசசர் இருக்கிறது, கேமரா கேனான் ஆர்6 என்றால், உங்களுக்குத் தேவையானது ஏற்கெனவே பிராசசருக்குள் இருக்கிறது. தனிக் கார்டு போட்டதும் பல போர்டுகள் உள் கிராபிக்ஸை அணைத்துவிடும். பயோஸில் போய் அதை மறுபடி இயக்கிவிட்டு, எடிட்டிங் மென்பொருளின் அமைப்பில் இன்டெல் வழியாகப் படிக்கச் சொன்னால் சிக்கல் பெருமளவு தீரும். பைசா செலவில்லை. கொஞ்சம் விலை குறைகிறது என்று கடையில் 12400எஃப் வாங்கியிருந்தால் அந்த வழி அடைபட்டுவிட்டது. எஃப் போட்ட பிராசசரில் உள் கிராபிக்ஸ் கிடையாது. அடுத்த முறை சிஸ்டம் அசெம்பிள் செய்யும்போது இந்த ஓர் எழுத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். கேமரா ஹெச்.264 4:2:2 தருகிறது என்றால் 50 வரிசைக் கார்டு, அல்லது ப்ராக்ஸி, அதாவது எடிட் செய்ய மட்டும் உருவாக்குகிற இலகுவான நகல் கோப்பு. ராத்திரி தூங்கப் போகும்போது ப்ராக்ஸி உருவாக்கப் போட்டுவிட்டுப் போனால் காலையில் பழைய 1650 கார்டிலேயே டைம்லைன் வழுக்கிக்கொண்டு ஓடும். ரிசால்வ், பிரீமியர் இரண்டிலும் அந்த வசதி இருக்கிறது. நம் ஏரியாவில் நல்ல எடிட்டர்களே அதைத் தொடுவதில்லை என்பது எனக்குத் தீராத ஆதங்கம்.

அனிமேஷன் படிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது சின்ன விஷயம்தான். பிளெண்டரில் ரெண்டர் செய்யும்போது என்விடியாவின் ஆப்டிக்ஸ் இன்றும் முன்னால் நிற்கிறது. ஏஎம்டிக்கும் இன்டெல்லுக்கும் தனித்தனி வழி இருக்கிறது, வேலையும் செய்கிறது. ஆனால் நீங்கள் நாளைக்கு வேலைக்குப் போகிற இடத்தில் பல கருவிகள் என்விடியாவின் கூடாவை நம்பியே எழுதப்பட்டிருக்கும். இதில் எனக்குச் சந்தேகமில்லை. கார்டின் நினைவகம் எவ்வளவு என்பதை மட்டும் கவனியுங்கள். காட்சி முழுவதும் கார்டின் நினைவகத்துக்குள் அடங்காவிட்டால் ரெண்டர் இழுத்துக்கொண்டே போகும், சில சமயம் நின்றே போகும்.

நினைவகம் என்றதும் ஒரு கெட்ட பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். கடைக்குப் போய் "எத்தினி ஜிபி கார்டுண்ணா?" என்று மட்டும் கேட்கிறோம். அந்தக் கேள்விக்காகவே செய்யப்பட்டது போல ஜிடி 730 என்று ஒரு கார்டு 2014-இலிருந்து சந்தையில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதில் 4 ஜிபி இருக்கும், ஆனால் பழைய டிடிஆர்3. இன்றைய ரைசன் 5600ஜி பிராசசருக்குள் இருக்கிற கிராபிக்ஸே அதை எளிதாகத் தாண்டிவிடும். ஜிடி 1030 இன்னும் மோசம். 2017-இல் ஜிடிடிஆர்5 நினைவகத்தோடு வந்தது. அடுத்த ஆண்டு அதே பெயரில் டிடிஆர்4 போட்டு இன்னொன்றை இறக்கினார்கள். கேமில் அதன் வேகம் பாதிக்கு விழுந்தது. பெட்டியில் பெயர் மாறவில்லை.

இந்தத் தந்திரம் பழைய கதை என்று நினைக்காதீர்கள். 2025 ஏப்ரலில் வந்த ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ 8 ஜிபியிலும் இருக்கிறது, 16 ஜிபியிலும் இருக்கிறது. ஜூனில் ஏஎம்டி இறக்கிய ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டியும் அப்படித்தான். பச்சைக் கட்சி, சிவப்புக் கட்சி என்று நீங்கள் சண்டை போடுகிற இரண்டு பேருமே இதில் ஒரே மாதிரி நடந்துகொண்டார்கள். 5060 டிஐயின் 8 ஜிபி மாதிரியை என்விடியா சோதனையாளர்களுக்கு முன்கூட்டி அனுப்பவில்லை. அவர்கள் கடையில் வாங்கித்தான் அளந்தார்கள். மே மாதம் 5060 வந்தபோது வெளியீட்டு நாளுக்கு முன் டிரைவரையே பெரும்பாலானவர்களுக்குக் கொடுக்கவில்லை. அளந்து பார்ப்பதற்கு ஒரு நிறுவனம் தடை போடுகிற இடம் எதுவோ, அங்கே கூடுதலாகக் கவனிக்க வேண்டும் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

8 ஜிபி போதாதா? வேலோரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2 ஆடுகிறவர்களுக்குப் போதும். 1080 திரையில் பழைய கேம்களுக்கும் போதும். புதிய பெரிய கேம்களில் டெக்ஸ்சரை உயர்த்தினால் நிரம்பிவிடும். நிரம்பினால் என்ன ஆகும் என்பதுதான் நம் ஏரியாவுக்கு முக்கியமான விஷயம், ஏனென்றால் நம்மிடம் இருப்பவை பழைய போர்டுகள். கார்டின் நினைவகம் நிரம்பியதும் சிஸ்டத்தின் ராமிலிருந்து எடுக்க ஆரம்பிக்கும். அது வரும் வழி பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட். ஆர்டிஎக்ஸ் 5060, 4060, ஆர்எக்ஸ் 7600 எல்லாம் அந்த ஸ்லாட்டின் 16 தடங்களில் 8-ஐ மட்டுமே பயன்படுத்துகிறவை. புதிய போர்டில் ஒவ்வொரு தடமும் வேகமானது என்பதால் பெரிதாகத் தெரியாது. ஏ320, பி450, ஹெச்310, ஹெச்410 போன்ற போர்டுகளில் இருப்பது மூன்றாம் தலைமுறை ஸ்லாட். அங்கே தடமும் பாதி, தடத்தின் வேகமும் குறைவு. நினைவகம் நிரம்பாதவரை இழப்பு சொற்பம். நிரம்பிவிட்டால் கேம் விட்டு விட்டு ஓடும். சராசரி எஃப்பிஎஸ் எண் அழகாகவே இருக்கும், கை மட்டும் எரிச்சலாகும். ஆகவே ஒப்பீட்டு வரைபடத்தில் சராசரியைப் பார்க்காதீர்கள். அதற்குக் கீழே 1 சதவீதத் தாழ்வு என்று ஒரு எண் போடுவார்கள், அதைப் பாருங்கள். 2022 ஜனவரியில் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி நான்கே தடங்களோடு வந்தது. பழைய போர்டில் போட்டவர்கள் பட்ட பாடு நான் கண்ணால் பார்த்தது. செகண்ட் ஹேண்டில் மலிவாக வருகிறது என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள்.

ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 தடங்களையும் பயன்படுத்துகிறது. பழைய ஆர்டிஎக்ஸ் 3060-இன் 12 ஜிபி வகையும் அப்படியே. பழைய போர்டுக்காரர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்டெல்லின் ஆர்க் பி580 2024 டிசம்பரில் 249 டாலருக்கு 12 ஜிபியோடு வந்தபோது நானும் மகிழ்ந்தேன். நல்ல கார்டு. ஆனால் அது இரண்டு விஷயம் கேட்கிறது. போர்டில் ரீசைசபிள் பார் என்ற அமைப்பு இருந்தாக வேண்டும். பிராசசரும் ஓரளவு புதியதாக இருக்க வேண்டும். அதன் டிரைவர் பிராசசரிடம் அதிக வேலை வாங்குகிறது என்பது வெளிவந்த சில வாரங்களிலேயே சோதனையாளர்கள் காட்டியது. ஹெச்61, ஹெச்81 போர்டில் மூன்றாம், நான்காம் தலைமுறை ஐ5 வைத்திருக்கிற தம்பிகள் அதை வாங்கினால் பாதிக் கார்டுக்குத்தான் பலன் கிடைக்கும்.

விலைக்கு வருகிறேன். அமெரிக்க வீடியோவில் 299 டாலர் என்று கேட்டுவிட்டு ரிச்சி ஸ்ட்ரீட்டில் போய் நின்று "ஏன் இவ்ளோ?" என்று கேட்கிறீர்கள். அங்கே சொல்வது வரி சேராத விலை. இங்கே கார்டுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. டாலர் 90 ரூபாய் என்று வைத்தால் 299 டாலர் கார்டு வரியோடு சுமார் 31,750 ரூபாய். 249 டாலர் கார்டு 26,450. 9060 எக்ஸ்டியின் 16 ஜிபி 349 டாலர், அது 37,000. 5060 டிஐயின் 16 ஜிபி 429 டாலர், அது 45,500. இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். கடை விலை இதற்குப் பக்கத்தில் இருந்தால் நியாயம். ஐந்தாயிரம், ஆறாயிரம் கூடுதலாக இருந்தால் அடுத்த கடை. 2025 இறுதியில் உலகம் முழுக்க ராம் விலை கடுமையாக ஏறியிருப்பதால் எந்தக் கடைக்காரரும் இன்று சொன்ன விலையை அடுத்த வாரம்வரை வைத்திருக்க மாட்டார். அதற்காகப் பதறி வாங்கவும் வேண்டாம். ஸ்டூடியோ நடத்துகிறவர்களில் ஜிஎஸ்டி பதிவு இருப்பவர்கள் உங்கள் எண்ணைப் போட்டு பில் வாங்கினால் அந்த 18 சதவீதத்தை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். விம்கோ நகரில் மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமல் அரசினர் தோட்டத்தில் இறங்கி ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு நடந்துவிடலாம். ஒரு நாள் விலை கேட்க, இன்னொரு நாள் வாங்க என்று போய்வருவது கஷ்டமில்லை.

இனி, கார்டு வாங்கும்முன் பெட்டியைத் திறந்து எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டு ஸ்டிக்கரைப் படியுங்கள். பெரிதாக 500 வாட் என்று போட்டிருக்கும். அதை விடுங்கள். 12 வோல்ட் என்ற கட்டத்தில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 16 ஆம்பியர் என்றால் 12-ஆல் பெருக்குங்கள்: 192 வாட். கார்டும் பிராசசரும் சேர்ந்து குடிக்கக் கிடைப்பது அவ்வளவுதான். 5060-க்கு 145 வாட், 9060 எக்ஸ்டி 16 ஜிபிக்கு 160, 5060 டிஐக்கு 180, பி580-க்கு 190. பிராசசரையும் கூட்டினால் அந்த எஸ்எம்பிஎஸ் எதையும் தாங்காது. நல்ல எஸ்எம்பிஎஸ்ஸுக்குப் பணம் ஒதுக்கிவிட்டு மிச்சத்தில் கார்டைத் தேடுங்கள், கார்டு ஒரு படி கீழே இறங்கினாலும் பரவாயில்லை.

கேபினட்டைத் தொட்டால் விரலில் சுள்ளென்று ஏறுகிறதா? உங்கள் வீட்டில் எர்த்திங் இல்லை அல்லது செத்துவிட்டது. பழைய ராயபுரம் வீடுகளில் மூன்று துளை பிளக் இருக்கும், மூன்றாவது துளைக்குப் பின்னால் கம்பியே இருக்காது. கடலோரத்தில் பூமியில் இறக்கிய இரும்புக் குழாய் உப்பில் அரித்துப் போவதும் உண்டு. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். முப்பதாயிரம் ரூபாய்க் கார்டைவிட அந்த வீட்டில் செருப்பில்லாமல் நடக்கிற குழந்தைக்கு அது அவசியம்.

மின் கட்டணத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். 145 வாட் கார்டுக்கும் 190 வாட் கார்டுக்கும் வித்தியாசம் 45 வாட். தினம் ஆறு மணி நேரம் முழு வேலை வாங்கினால் இரண்டு மாத பில்லில் 16 யூனிட். பெரிய தொகை இல்லை. ஆனால் நம் மாநிலத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழே உள்ள யூனிட்டுகளின் விலையும் சேர்ந்து ஏறிவிடும். உங்கள் வீடு ஏற்கெனவே 480, 490 என்று நின்றுகொண்டிருந்தால் அந்த 16 யூனிட் அம்மாவின் கணக்கைக் குலைக்கும்.

இப்போது நம் ஊருக்கே உரிய விஷயம். இதற்காகத்தான் முக்கியமாக இந்த மடலை எழுத உட்கார்ந்தேன்.

உங்கள் வீட்டுப் பெண்களின் வெள்ளிக் கொலுசு எத்தனை நாளில் கறுக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். காற்றில் கந்தகச் சேர்மங்கள் இருந்தால் வெள்ளி கறுக்கும். மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, எண்ணூரில் அனல்மின் நிலையங்களும் சாம்பல் குளமும், கிழக்கே முழுக்கக் கடல். உப்பு, கந்தகம், சாம்பல் தூசி, ஈரம் நான்கும் ஒரே ஜன்னல் வழியாக வருகிற வீடுகள் நம்முடையவை. பெரிய டேட்டா சென்டர்களில் செம்புத் தகட்டையும் வெள்ளித் தகட்டையும் ஒரு மாதம் தொங்கவிட்டு எவ்வளவு அரிக்கிறது என்று அளப்பார்கள். செம்பில் மாதத்துக்கு 300 ஆங்ஸ்ட்ராமுக்குக் கீழே இருந்தால்தான் மென்மையான காற்று என்று சான்று. நம் வீட்டில் யாரும் அளக்கவில்லை. கேபினட்டின் பின்பக்கத் திருகாணிகள் துருவேறியிருப்பதைப் பாருங்கள், அது போதும்.

கார்டு என்பது செம்புக் குழாய், அலுமினியத் தகடுகள், இரும்புப் பட்டை, அதற்கு நடுவே நுண்ணிய ஈயப்பற்றுகள். மின்விசிறி வேகமாகச் சுற்றச் சுற்ற அதன் வழியாகப் போகிற உப்புக்காற்று கூடும். சோதனைக் கூடத்தில் அறை 22 டிகிரி இருக்கும்போது கார்டு 68 டிகிரி காட்டினால், மே மாதத்தில் நம் ஓட்டு வீட்டின் மாடி அறையில் 37 டிகிரியில் அது 83-ஐத் தொடும். விசிறி கத்தும், வேகம் குறையும். ஆகவே ஒரே சிப்பில் பல நிறுவனங்கள் செய்கிற கார்டுகளில் மலிவான ஒற்றை விசிறிக் கார்டை விட்டுவிட்டு, பெரிய ஹீட்சிங்க்கும் இரண்டு விசிறியும் உள்ளதை எடுங்கள். ஓராயிரம், ஈராயிரம் கூடுதல். மற்ற ஊர்க்காரர்களுக்கு அது சொகுசாக இருக்கலாம். நமக்கு அது கார்டின் ஆயுள். இதே காரணத்துக்காகக் குறைந்த வாட் கார்டு நமக்கு இன்னும் நல்லது. வரைபடத்தில் 5 சதவீதம் பின்னால் இருக்கிற, 40 வாட் குறைவாகக் குடிக்கிற கார்டை எண்ணூரில் நான் முதலிடத்தில் வைப்பேன்.

கேபினட்டைக் கடலைப் பார்த்த ஜன்னலுக்குக் கீழே வைக்காதீர்கள். காற்று உள்ளே வருகிற இடத்தில் வடிகட்டி வலை போட்டு, மாதம் ஒருமுறை எடுத்துத் துடையுங்கள். சாம்பல் தூசி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஈரத் தூசி போர்டின்மேல் படிந்தால் மின்கசிவு. வாரக்கணக்கில் சிஸ்டத்தைப் போடாமல் விடுவதைவிடத் தினம் கொஞ்ச நேரம் ஓடி உள்ளே சூடாக இருப்பது நல்லது, ஈரம் தங்காது. தரையில் வைக்கவே வேண்டாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தரைத்தளத்தில் தண்ணீர் புகுந்த வீடுகளில் இருந்து வந்த சிஸ்டங்களை நான் திறந்து பார்த்திருக்கிறேன். அந்த மாதம் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெயும் கலந்து வந்தது. கார்டுகளைக் கழுவிக்கூடக் காப்பாற்ற முடியவில்லை.

இதன் தொடர்ச்சிதான் வாரண்டி. எனக்குத் தெரிந்த ஒரு தம்பியின் கார்டு மூன்று வருட வாரண்டியில் பாதிகூடக் கடக்காமல் செத்தது. சர்வீஸ் சென்டரில் பட்டையில் துரு இருக்கிறது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். துரு, அரிப்பு, பூச்சி, தண்ணீர் ஆகியவற்றுக்கு வாரண்டி பொருந்தாது என்று பல நிறுவனங்களின் நிபந்தனையில் சின்ன எழுத்தில் இருக்கும். கடலோரத்தில் குடியிருப்பது அந்தப் பையனின் குற்றமா? காற்றில் இருக்கிற உப்பைத் தண்ணீரில் நனைத்ததோடு சேர்த்துப் பேசுவது அநியாயம் என்றே நான் சொல்வேன். அதனால் ஒப்பிடும்போது எஃப்பிஎஸ்ஸுக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போடுங்கள்: சென்னையில் சர்வீஸ் சென்டர் இருக்கிறதா, துருவுக்கு என்ன சொல்கிறார்கள். வாங்கும்முன் அந்த நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். வாங்கிய அன்றே கார்டின் பட்டை, திருகாணி, சீரியல் எண் எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமில்லாமல், வக்கீல் இல்லாமல் நீங்களே வழக்குப் போடலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

செகண்ட் ஹேண்ட் பற்றிச் சுருக்கமாக. 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தின் முறை மாறியதும் மைனிங்கில் ஓடிய கார்டுகள் சந்தையில் கொட்டின; அவை இன்னும் கை மாறிக்கொண்டிருக்கின்றன. மைனிங் கார்டு என்பதற்காகவே ஒதுக்க வேண்டியதில்லை, விசிறியும் நினைவகமும் நன்றாக இருந்தால் ஓடும். பயப்பட வேண்டியது போலிகளுக்கு. பத்து வருடத்துக்கு முந்தைய சிப்பில் பயோஸை மாற்றி 1050 டிஐ என்று காட்டுகிற கார்டுகள் உண்டு. ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை விற்பவர் முன்னாலேயே ஓட்டுங்கள். போலி என்றால் பெயருக்கு முன்னாலேயே காட்டிக்கொடுக்கும். ஆர்எக்ஸ் 580 என்று விற்பதில் 2304 கோர் இருக்க வேண்டும், 2048 என்று காட்டினால் அது பெயர் மாற்றிய 570. உண்மையான 1050 டிஐ, 1060 ஆகியவற்றுக்கும் புதிய கேம்களுக்கான டிரைவர் 2025 அக்டோபரோடு நின்றுவிட்டது. இனிப் பாதுகாப்புத் திருத்தம் மட்டும். இன்று அவற்றுக்கு நல்ல விலை கொடுக்காதீர்கள்.

கேம் ஆடுகிறவர்களுக்கு இன்னும் ஒன்று. 2025 ஜனவரியில் என்விடியாவின் தலைவர் ஜென்சன் ஹுவாங் மேடையில் நின்று, 549 டாலர் 5070-இல் 4090-இன் திறன் கிடைக்கும் என்றார். கார்டு தானே இட்டுக்கட்டி நடுவில் சொருகுகிற படங்களையும் சேர்த்து எண்ணினால்தான் அந்தக் கணக்கு வரும். சொருகிய படங்கள் உங்கள் மவுஸ் அசைவுக்குப் பதில் சொல்லாது. பார்வைக்கு வழவழப்பாக இருக்கும், கைக்குத் தாமதம் அப்படியே இருக்கும். ஒப்பீட்டில் இரண்டு கார்டுகளையும் இந்த வசதியை அணைத்துவிட்டு அளந்த எண்ணைத் தேடுங்கள்.

கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஹெச்.264 4:2:2-இல் எடுக்கிற கல்யாண எடிட்டர்கள், பிளெண்டர் படிக்கிறவர்கள்: ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ 16 ஜிபி. பணம் பத்தாத எடிட்டர்கள் 5060 எடுக்கலாம். அனிமேஷன் மாணவர்கள் 8 ஜிபிக்குப் போகாமல் இன்னும் நான்கு மாதம் சீட்டுக் கட்டுவது மேல். கேம் மட்டும் ஆடுகிறவர்கள், பழைய போர்டோ புதிய போர்டோ, ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபி. 8 ஜிபி வகையைத் தொட வேண்டாம். 12-ஆம் தலைமுறை இன்டெல் அல்லது ரைசன் 5000-க்கு மேல் வைத்திருந்து, முப்பதாயிரத்துக்குள் முடிக்க வேண்டும் என்றால் ஆர்க் பி580. வேலோரன்ட் மட்டும்தான் ஆடுவேன் என்கிறவர்கள் கார்டே மாற்ற வேண்டாம், அது பிராசசரை நம்பி ஓடுகிற கேம். ஹெச்61, ஹெச்81 போர்டு வைத்திருப்பவர்கள் இந்த வருடம் கார்டு வாங்காதீர்கள். அந்தப் பணத்தில் போர்டும் பிராசசரும் எஸ்எம்பிஎஸ்ஸும் மாறட்டும்.

எதை வாங்கினாலும் பில்லில் கார்டின் முழுப் பெயர், எத்தனை ஜிபி, சீரியல் எண் மூன்றும் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அங்கேயே நின்று போடச் சொல்லுங்கள். போடாமல் கடையை விட்டு இறங்காதீர்கள்.

அன்புடன்,
உங்கள் சர்வீஸ் அண்ணன்,
திருவொற்றியூர்